நாளுக்கொரு முழம்

ஆனி பிறந்து மூன்றாம் நாள், வெயில் இன்னும் கண் விழிக்காத நேரத்தில், பொட்டல்காட்டுப் பல்கலைக்கழகத்தின் மூன்றாம் கட்டடம் நின்ற இடத்திலேயே ஒரு முழம் திரும்பியிருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் வாசல் பெருக்குகிற மாடத்தி. அவளிடம் அளவுகோலும் இல்லை, அளக்கிற நாடாவும் இல்லை. கட்டடத்தின் தெற்குக் கோடியிலிருந்து வேப்பமரத்தடி வரைக்கும் அவளுக்கு நாற்பத்திரண்டு வீச்சு. கட்டடம் திறந்த நாளிலிருந்து அதில் ஒன்று கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. அன்றைக்கு நாற்பத்தோராவது வீச்சிலேயே விளக்குமாறு மரத்தில் இடித்துவிட்டது. மரத்தை ஒரு தடவை பார்த்தாள், கட்டடத்தை ஒரு தடவை பார்த்தாள். மரம் நகர்கிற வழக்கம் இல்லை என்பதால் நகர்ந்தது கட்டடம்தான் என்று முடிவுகட்டி, மிச்சத்தையும் பெருக்கிவிட்டு, டீக்கடையில் வந்து சொன்னாள்.

"மூணாம் பில்டிங் புரண்டு படுத்திருக்கு."

"வெக்கை தாங்கலையா இருக்கும்," என்றார் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர். பெஞ்சில் இருந்தவர்களும் ஆமாமாம் என்றார்கள், ஏனென்றால் அந்தக் கட்டடத்துக்குள் அடித்த வெக்கையைச் சித்திரை முழுக்க எல்லோரும் அனுபவித்திருந்தார்கள். அதற்குள்ளே இருந்த மனிதர்களே ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு இடம் மாறி இடம் மாறி உட்கார்ந்தபோது, கட்டடம் மட்டும் எத்தனை நாளைக்குத்தான் அசையாமல் நிற்கும்.

மறுநாள் நாற்பது வீச்சு, அதற்கு மறுநாள் முப்பத்தொன்பது. நாலாம் நாள் பொறியியல் பிரிவிலிருந்து நாடாவைக் கொண்டுவந்து நாலு பேர் பிடித்துப் பார்த்தார்கள். நடுவில் இருக்கிற மாடிப்படி அசையவில்லை. அதை அச்சாக வைத்துக்கொண்டு, இருநூறு அடி நீளக் கட்டடம், தன் மூன்று மாடியோடும் நாற்பது வகுப்போடும் கரும்பலகையோடும் மின்விசிறியோடும், தெற்குக் கோடியை மேற்கே ஒரு முழம் தள்ளி வடக்குக் கோடியைக் கிழக்கே ஒரு முழம் இழுத்து, ஒரு நாளைக்கு ஒரு தடவை, விடியுமுன், சத்தமில்லாமல் திரும்பிக்கொண்டிருந்தது. சுவரில் மயிரிழை விரிசல் இல்லை. மண் முன்பக்கம் விலகி வழிவிட்டுப் பின்பக்கம் மூடிக்கொண்டது; மூடிய மண் உழுத வயல் போலப் பொலபொலவென்று கிடந்தது. நிலவியல் துறையார் வந்து, செம்மண்ணுக்கு அடியில் கரிசல் இருக்கிறது, அது பொருமும் என்றார்கள். இயற்பியல் துறையார் கூரையில் குண்டு கட்டித் தொங்கவிட்டு ஒரு வாரம் பார்த்துவிட்டு, கட்டடம் திரும்புவது உண்மைதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். அது மாடத்திக்கே தெரியும்.

ஊருக்கு வேறொரு கேள்விதான் முக்கியமாகப் பட்டது. "எந்தப் பக்கமாத் திரும்புது?" என்று கேட்டார்கள். வலமாகத்தான் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் மனசு லேசாகிவிட்டது. கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலமாகச் சுற்றுகிற ஒன்றைப் பற்றி யார் என்ன குறை சொல்ல முடியும். இடமாகத் திரும்பியிருந்தால் ஆளனுப்பிக் குறி கேட்டிருப்பார்கள், வலமாகத் திரும்பியதால் பாதையை மாற்றிப் போட்டார்கள்.

ஆமாம், பாதையைத்தான். தோட்டக்காரர்கள் வாசலுக்குப் போகிற சரளைப் பாதையைத் தினமும் காலையில் அள்ளித் தள்ளிப் போட்டார்கள். தண்ணீர்க் குழாய்க்காரர் இரும்புக் குழாயை அறுத்துவிட்டு நீளமான ரப்பர்க் குழாயை மாட்டி, அதை மாடு கட்டுகிற கயிறு மாதிரி தாராளமாக விட்டுவைத்தார். அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது: 'மூன்றாம் கட்டடத்தின் வாசல் இருக்கும் இடம் அன்றன்று காலை எட்டு மணிக்கு அறிவிப்புப் பலகையில் தெரிவிக்கப்படும், வாசலைக் காணவில்லை என்பதைத் தாமத வருகைக்குக் காரணமாகச் சொல்லக்கூடாது.' கட்டடம் விட்டுப்போன பொலபொலத்த மண்ணைப் பார்த்த கேன்டீன்காரம்மா, சும்மா கிடக்கிற மண்ணை எதுக்கு விடணும் என்று தண்டுக்கீரை விதைத்துவிட்டாள். ஆடிக்குள் விடுதிப் பிள்ளைகளுக்கு வாரத்தில் மூன்று நாள் கீரைக்குழம்பு.

வேப்பமரம் குறுக்கே வரும் நாளில் என்ன செய்வது என்று கூட்டம் போட்டு மூன்று மணி நேரம் பேசினார்கள். அன்றைக்கு விடிந்து பார்த்தால், விலகிய மண்ணோடு மரமும் பஸ்ஸில் இடம் விடுகிறவளைப் போல ஓரமாக ஒதுங்கி, கட்டடம் போனதும் பழையபடி நிமிர்ந்து நின்றது.

சங்கடப்பட்டவர் வணிகவியல் துறைத் தலைவர் ஒருவர்தான். கன்னிமூலை அறை தனக்கே வேண்டும் என்று ஆறு மாசம் மல்லுக்கட்டி வாங்கியவர் அவர். தென்மேற்கில் உட்கார்ந்தால் பதவி நிலைக்கும் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கட்டடம் திரும்பத் திரும்ப அவருடைய அறை தென்மேற்கை விட்டு மேற்கே ஏறி வாயுமூலையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பார்த்ததில், கடைசியில் கன்னிமூலைக்கு வந்து சேரப்போவது தென்கிழக்கு மூலையில் இருக்கிற, விளக்குமாறும் வாளியும் வைக்கிற, மாடத்தியின் அறை என்று தெரிந்தது. அவர் போய் அறையை மாற்றிக்கொள்ளலாமா என்று பக்குவமாகக் கேட்டார்.

"அது தானா வருது சார், வர்ற சீதேவிய எதுக்கு வேண்டாங்கணும்," என்று சொல்லிவிட்டாள் மாடத்தி.

இப்படி எல்லோரும் அதைப் பற்றிப் பேசிச் சிரித்துப் பழகிப்போன காலத்தில், ஒருத்தி மட்டும் டீக்கடைப் பக்கமே வராமல் தன் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள்தான் அந்தக் கட்டடத்தை வரைந்தவள். பெயர் உலகம்மாள், தென்காசிக்காரி, வயது நாற்பத்தாறு, பல்கலைக்கழகத்தின் கட்டடக் கலைஞர். எல்லோருக்கும் அவள் 'பிளான் அம்மா'.

உலகம்மாளுக்கு வெயிலைப் பற்றி ஒரு கொள்கை உண்டு. வெயிலோடு சண்டை போடக்கூடாது, எருமை நிற்கிற மாதிரி அதற்கு வாகாக நின்றுகொள்ள வேண்டும் என்பாள். மூன்றாம் கட்டடத்தை அவள் அப்படித்தான் வரைந்தாள்: பெரிய ஜன்னல்கள் எல்லாம் வடக்கு முகப்பில், ஏனென்றால் அங்கே வெளிச்சம் வரும், வெயில் வராது, தெற்கே ஆழமான தாழ்வாரம், காலை வெயிலும் மாலை வெயிலும் அடிக்கிற கிழக்கிலும் மேற்கிலும் குறுகலான பக்கச் சுவர் மட்டும், அதுவும் இரண்டு அடுக்குச் செங்கல், நடுவே வெற்றிடம், ஜன்னலே கிடையாது, நடுவில் மாடிப்படிக் கூடம் புகைபோக்கி மாதிரி உயர்ந்து வெப்பக் காற்றை உறிஞ்சி மேலே தள்ளும். ஏசி ஒன்றுகூட வேண்டாம். மற்ற கட்டடங்கள் குடிக்கிற மின்சாரத்தில் கால்வாசி போதும். இதற்கு ஒப்புதல் வாங்க அவள் மூன்று வருஷம் படியேறி இறங்கினாள். பூமிபூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது பதிவாளர் ஞானப்பிரகாசம் கூப்பிட்டு அனுப்பினார்.

"மேடம், முகப்பு ரோட்டைப் பாக்க வேண்டாமா? பஸ்ல போறவன் நம்ம முதுகையா பாத்துக்கிட்டுப் போவான்?"

ரோடு மேற்கே இருந்தது. முகப்பை மேற்கே திருப்பினால் அத்தனை பெரிய ஜன்னலும் பிற்பகல் வெயிலுக்கு வாயைத் திறந்துகொண்டு நிற்கும், மறுபடி முதலிலிருந்து வரைய வேண்டும், இரண்டு மாசமாவது ஆகும் என்றாள். பதிவாளர் மேசையைத் திறந்து வேறொரு படத்தை எடுத்துக் காட்டினார். நாலு பக்கமும் கண்ணாடி, மாடிக்கு மாடி ஏசி. "இது தயாரா இருக்கு," என்றார். மூன்று வருஷத்துப் பாடு கண் முன்னால் போவதைப் பார்த்த உலகம்மாள், சரி சார், ரோட்டையே பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

பூஜையன்று சொரிமுத்து மேஸ்திரியின் கையில் அவள் கொடுத்த தாள் ஒழுங்கான தாள்தான். ஜன்னல், சுவர் எதையும் மாற்றாத அதே படத்தில், முகப்பு மேற்கு என்று அம்புக்குறி சரியாகவே போட்டிருந்தது. அதைப் பார்த்து அவர் நூல் பிடித்து, மூலைக்கு மூலை முளை அடித்து, மேற்குப் பார்த்த கட்டடத்துக்குப் பிசகில்லாமல் அஸ்திவார வானம் தோண்ட வைத்தார். அவர் முப்பத்தாறு வருஷமாய் முளை அடிக்கிறவர். இந்தப் பொட்டலில் நிற்கிற ஒவ்வொரு சுவரும் அவருடைய நூலில் பிறந்தது.

தப்பு நடந்தது அதற்குப் பிறகு, குளிர்ந்த அறையில், கம்ப்யூட்டர் முன்னால். மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிற கட்டடங்களுக்குப் பசுமைச் சான்று கொடுக்கிறவர்களுக்குப் போகிற கோப்பில் முகப்பு மேற்கு என்று எழுதினால் கணக்கு எல்லாம் உடைந்துபோகும், கட்டடமே நின்றுபோகும். உலகம்மாள் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். பிறகு ஒரு ஜன்னலை மாற்றவில்லை, ஒரு சுவரைத் தொடவில்லை. தாளின் மூலையில் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கிற திசைகாட்டும் அம்பை மட்டும் கால் வட்டம் திருப்பிவிட்டாள். முகப்பு வடக்கு என்று தாள் சொன்னது. பழைய படத்தின் மேலேயே சேமித்து, அச்செடுத்து, கையெழுத்தும் போட்டாள். ஒரு அம்புதானே என்று நினைத்தாள், பாவம்.

கட்டடம் எழும்பி, மாசியில் திறந்து, சித்திரையில் அடுப்பாயிற்று. மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் பெஞ்சில் கை வைக்க முடியவில்லை. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஜன்னல் போர்வை கட்டினார்கள். வைகாசியில் விசாரணைக் குழு உட்கார்ந்து கோப்பைப் பிரித்தது. தாளில் முகப்பு வடக்கு, தரையில் மேற்கு. அப்படியானால் முளை அடித்தவன் யார் என்று கேட்டார்கள். சொரிமுத்து மேஸ்திரி வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "தாளைப் பாத்துத்தானய்யா அடிச்சேன்," என்றார். அவருக்குக் கொடுத்த தாள் எங்கே என்றால் எங்கேயோ. சுவர் நனைக்கிற தண்ணீரில் ஊறி, கிழிந்து, சிமென்ட் சாக்கோடு சாக்காகப் போயிருக்கும், வேலைத்தளத்துத் தாளை யார் கட்டிக் காப்பாற்றுகிறார்கள். கோப்பிலிருந்த தாளை அவர் முன்னால் விரித்தார்கள். அந்த அம்பின் மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். வேலை தொடங்கிய வருஷம் அவருக்கு ஒரு கண்ணில் புரை இருந்தது, பிறகுதான் ஆபரேஷன் செய்துகொண்டார். நிமிர்ந்து, மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த உலகம்மாளைப் பார்த்தார்.

"அம்மா, நீங்க எங்கிட்ட குடுத்தது இந்தத் தாளுதானா?"

அத்தனை பேரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"ஆமா அண்ணாச்சி," என்றாள்.

"அப்பொ என் கண்ணுதான் மோசம் பண்ணியிருக்கு," என்று சொல்லிவிட்டு, அவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பல்கலைக்கழக வேலைக்காரர் பட்டியலிலிருந்து அவர் பெயரை அடித்தார்கள். அது நடந்து பதினோராம் நாள்தான் மாடத்தியின் விளக்குமாறு மரத்தில் இடித்தது.

கட்டடம் திரும்பத் தொடங்கி இருபதாம் நாள், உலகம்மாள் கோப்புத் தாளையும் அன்றைய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். கோணத்தைக் கணக்குப் போட்டாள். இன்னும் எழுபது நாளில் முகப்பு சரியாக வடக்கே போய் நிற்கும். அவள் திருப்பிய அம்பு எதைக் காட்டியதோ, கட்டடம் அதை நோக்கித்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் எழுதிவைத்த பொய்யை, முழம் முழமாக, மூச்சுவிடாமல், மெய்யாக்கிக்கொண்டிருந்தது. சும்மா இருந்தால் போதும். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தைப் பார்த்து அவளுக்கே அருவருப்பாகவும் இருந்தது. முடியட்டும், முடிந்ததும் மேஸ்திரியிடம் சொல்லிவிடுவோம், அப்போது சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை, கட்டடமும் நிலைத்துவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். உண்மையை ஊறுகாய் மாதிரி எடுத்து வைத்து, வேண்டும்போது தொட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்கள் உண்டு. உலகம்மாளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆடிக்காற்று பிடித்துக்கொண்டது. புழுதியும் சருகும் பறக்க, தூரத்தில் காற்றாலைகள் ராட்டினமாகச் சுற்ற, கட்டடம் அது பாட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சொரிமுத்து மேஸ்திரி வெள்ளிக்கிழமைதோறும் வந்தார். ஒரு தேங்காய், கொஞ்சம் கற்பூரம். கட்டடத்தின் அன்றைய மூலையில் உடைத்துக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, எதிரே கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. காவலாளிகள் தேங்காய்ச் சில்லு வாங்கிக்கொண்டார்கள். அறுபதாம் நாளை ஒட்டிய ஒரு வெள்ளிக்கிழமை, உலகம்மாள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் எழுந்திருந்து இடம் விட்டார்.

"உக்காருங்க அண்ணாச்சி. எப்படி இருக்கிய?"

"நல்லா இருக்கேம்மா. பூச்சு வேலைக்குத்தான் போறேன்." சிரித்தார். "சுவரு முன்னாடியே நிக்குது பாத்தியளா, அதுல நான் தப்புப் பண்ண வழியில்ல."

"நூல் பிடிக்கக் கூப்பிடலையா யாரும்?"

"கூப்பிடுதாங்க. நாந்தான் போகல. கயித்தைக் கையில எடுத்தாலே கை உதறுதும்மா." அவர் கட்டடத்தைப் பார்த்தார். "பெருந்தன்மையான கட்டடம்மா இது. மனுசன் செஞ்ச தப்ப, நீ செஞ்சேன்னு ஒரு வார்த்தை சொல்லாம, தானே சுமந்து திருத்துது பாருங்க. நாலு புள்ளைகள வெயில்ல போட்டு வாட்டினேன். எனக்காக அது நகருது."

உலகம்மாள் வாயைத் திறந்தாள். அண்ணாச்சி, அந்தத் தாளு, என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. இன்னும் முப்பது முழம் பாக்கி இருந்தது.

"கண்ணுக்கு மருந்து விடுதியளா?" என்று கேட்டாள்.

"விடுதேம்மா," என்றார்.

ஆவணி இருபத்தொன்பதாம் தேதி கட்டடம் நின்றது. மறுநாள் காலை மாடத்தி வீசிப் பார்த்தாள், வீச்சு குறையவும் இல்லை, கூடவும் இல்லை. ஊருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. இத்தனை நாளும் விடிந்ததும் பார்க்க ஒன்று இருந்தது, இனி என்னத்தைப் பார்க்க. ஆனால் கட்டடத்துக்குள் போனவர்கள் வெளியே வர மறந்தார்கள். வடக்கு ஜன்னல் வழியே பால் மாதிரி வெளிச்சம் வந்தது, மாடிப்படிக் கூடம் வெப்பத்தை இழுத்து மேலே விட்டது, புரட்டாசிப் புழுக்கத்தில் மின்விசிறியைப் பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பிள்ளைகள் பாடத்தில் தூங்கினார்கள். சான்று கொடுக்கிறவர்கள் வந்து தாளை வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்து, தாளில் உள்ளபடியே தரையில் இருக்கிறது, இப்படி எந்த ஊரிலும் பார்த்ததில்லை என்று எழுதிப்போனார்கள். இப்போது ரோட்டைப் பார்த்து இருந்தது ஜன்னலில்லாத பக்கச் சுவர். அது எழுதுவதற்கு வாகாக இருந்ததால் பல்கலைக்கழகத்தின் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதவைத்த பதிவாளர், ஆரம்பத்திலேயே தன் யோசனை இதுதான் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னிமூலை அறையில் மாடத்தி ஒரு நாற்காலி போட்டுக்கொண்டாள்.

சான்று வழங்குகிற விழா முடிந்த மறுநாள் உலகம்மாள் இரண்டு பக்கக் கடிதம் எழுதிக்கொண்டு பதிவாளரிடம் போனாள். தாளைத் திருத்தியது நான், மேஸ்திரி அடித்த முளை சரியானது, விசாரணையில் நான் சொன்னது பொய் என்று ஒன்றுவிடாமல் எழுதியிருந்தாள். ஞானப்பிரகாசம் நிதானமாகப் படித்தார். எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார்.

"மேடம், தாள்ல முகப்பு எங்க இருக்கு?"

"வடக்கே."

"வெளியே பாருங்க. எங்க இருக்கு?"

"வடக்கேதான் சார். ஆனா..."

"இதுல பொய் எங்க இருக்கு?" அவர் கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தார். "மூணு மாசமாத் தூக்கமில்லாம உழைச்சிருக்கீங்க. ஒரு வாரம் லீவு போட்டுட்டு, குற்றாலத்துல தண்ணி விழுதாம், போய்க் குளிச்சிட்டு வாங்க."

"மேஸ்திரி பேரையாவது பட்டியல்ல சேக்கணும் சார்."

"அதுக்கென்ன. கட்டடமே சரியாப் போச்சு, அவரையும் மன்னிச்சிட்டாப் போச்சு."

மன்னிப்பா என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது. அங்கிருந்து நேரே சொரிமுத்து மேஸ்திரி வீட்டுக்குப் போனாள். அவர் வாசலில் சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். நாற்காலி போட்டு, மோர் கொடுக்கச் சொல்லி, அவள் குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றார். உலகம்மாள் நடந்ததையெல்லாம் முதலிலிருந்து கடைசிவரைக்கும் சொன்னாள். அம்பைத் திருப்பியதைச் சொன்னாள். ஆமா அண்ணாச்சி என்று சொன்னதைச் சொல்லும்போது அழுதுவிட்டாள்.

"எனக்காகச் சொல்லுதிய," என்றார்.

"இல்ல அண்ணாச்சி, நெசமாத்தான்."

"தாளும் வடக்குங்குது, கட்டடமும் வடக்க போயி நிக்குது. நான் அடிச்சது மேற்க. ரெண்டு சாட்சி ஒருபக்கம் நிக்கும்போது நான் மட்டும் எப்படிம்மா சரியாவேன்? எம்மேல தப்பில்லேன்னா அந்தக் கட்டடம் எதுக்குத் தொண்ணூறு நாள் பாடுபடணும்?"

"அது என் தாளைப் பாத்துத் திரும்பிச்சு அண்ணாச்சி. என் பொய்யைக் காப்பாத்த."

"கட்டடம் பொய்க்குத் திரும்புமாம்மா?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் கோபம் ஒரு துளி இல்லை.

வேறு வழி தெரியாமல், உலகம்மன் மேல சத்தியமா என்று அவள் கையை உயர்த்தினாள். மேஸ்திரி பதறிப்போய் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"வேண்டாம்மா. எனக்காகப் பொய்ச் சத்தியம் பண்ணாதிய. குழந்த குட்டிக்காரி. நீங்க நல்ல மனசுக்காரின்னு எனக்குத் தெரியாதா," என்றார். அவர் மனைவியும் உள்ளேயிருந்து வந்து, அம்மா முகத்தைக் கழுவிக்கோங்க என்று செம்பில் தண்ணீர் கொடுத்தாள். உலகம்மாள் முகத்தைக் கழுவிக்கொண்டு வீடு திரும்பினாள்.

தை பிறந்ததும் பெண்கள் விடுதிக்கு நாள் குறித்தார்கள். வடக்கு முகப்பு, ஆழமான தாழ்வாரம், நடுவே காற்று ஏறுகிற கூடம். இந்தத் தடவை ரோட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. உலகம்மாள் நாலு தடவை வீட்டுக்கு நடந்து, முளை அடிக்க வரவே மாட்டேன் என்ற சொரிமுத்து மேஸ்திரியை வரச் சம்மதிக்க வைத்திருந்தாள். மஞ்சள் தடவிய முளைகள், புது நூல், சுத்தியல் எல்லாம் ஒரு தாம்பாளத்தில் இருந்தன. சூடம் காட்டியாயிற்று. சித்தாளுகள் கடப்பாரையோடு நின்றார்கள். தப்பா அடிச்சாத்தான் என்ன, அதுவே திரும்பிக்கிடும் என்று ஒப்பந்தக்காரர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பொட்டலில் அது பழமொழியாகவே ஆகிவிட்டிருந்தது.

மேஸ்திரி சிரிக்கவில்லை. முதல் முளையை எடுத்துக்கொண்டு போய்ப் பொட்டலின் நடுவில் நின்றார். கிழக்கே சூரியன் ஒரு பனை உயரம் ஏறியிருந்தது. அவர் நிழல் காலடியிலிருந்து மேற்கே நீளமாக விழுந்து கிடந்தது. வடக்கு எது என்று அங்கே நின்ற ஆட்டுக்குட்டிக்கும் தெரிந்திருக்கும். அவர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு திரும்பி வந்து, யார் காதிலும் விழாதபடி குரலைத் தாழ்த்தி, முப்பத்தாறு வருஷத்தில் யாரிடமும் கேட்காத ஒன்றைக் கேட்டார்.

"அம்மா, வடக்கு எதும்மா?"

"உங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. நீங்க ஒருநாளும் தப்பா அடிக்கல. நான்தான் பொய் சொன்னேன்."

"அதெல்லாம் இருக்கட்டும்மா," என்றார் அவர், பொறுமையாக. "நல்ல நேரம் போயிக்கிட்டு இருக்கு. நீங்க சொன்னாச் சரியா இருக்கும். கையைக் காட்டுங்க."

சித்தாளுகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகம்மாள் கையை நீட்டி வடக்கைக் காட்டினாள். அவர் சூரியனைப் பார்க்கவில்லை, தன் நிழலைப் பார்க்கவில்லை, அவள் விரலை மட்டும் பார்த்துக்கொண்டே நடந்து போய், அவள் காட்டிய இடத்தில் குனிந்து முளையை அடித்தார்.